நாற்பத்தெட்டு நம்பர்

எனக்கு வயது அறுபத்தாறு. பெற்றது மூன்று, தங்கை விட்டுப்போனது ஒன்று. நான்கையும் வளர்த்து ஆளாக்கினேன். வீடு பெங்களூரு ஈஜிபுராவில். பதினெட்டு வருடம் கம்ப்யூட்டர் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் செய்தேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். நம்பரில் மட்டும் யாரும் என்னை ஏமாற்ற முடியாது.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாதிப் பேர் இப்போது வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய மிஷின் ஆபீசில் ஓடும், அதை ரிமோட்டில் இயக்குவார்கள். இது தெரியாமல் ஒரு முறை பெருக்க வேண்டி ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். இன்னொரு தடவை மிஷினைத் தொட்டால் வேலை கிடையாது என்றார் சூப்பர்வைசர் மஞ்சு சார்.

பிறகு ஒரு சனிக்கிழமை. மாடியில் நான் மட்டும் மாப் போட்டுக்கொண்டிருந்தேன். சந்தாபுராவில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் தீபா மேடம் போன் செய்தார்.

"ராணிம்மா, என் மிஷின் அப்டேட் ஆயி நடுவுல நின்னுடுச்சு. நேர்ல ஒருத்தர் நம்பர் அடிச்சாத்தான் தொறக்கும். பதினோரு மணிக்கு கிளையன்டுக்குக் காட்டணும். ஐடி ஆளுங்க யாரும் போனே எடுக்கல."

"நான் தொட்டா மஞ்சு சார் வீட்டுக்கு அனுப்பிடுவாரு மேடம்."

"நான் பேசிக்கறேன்ம்மா."

"எத்தனை நம்பர்?"

"நாப்பத்தெட்டு."

"மெதுவா சொல்லுங்க. மொதல்ல எழுதிக்கறேன்."

பாத்ரூம் கதவில் நாங்கள் கையெழுத்துப் போடும் தாளை எடுத்து, அதன் பின்பக்கம் ஆறு ஆறாக எழுதினேன். ஒவ்வொரு ஆறையும் திருப்பிச் சொன்னேன்.

"சீக்கிரம்மா."

"அவசரப்பட்டா திரும்ப மொதல்லேருந்து வரணும். கடைசி ஏழா, ஒன்னா?"

ஏழு என்றார். எழுதினேன். அப்போது என் போனில் அந்தப் பெட்டி வந்தது. பத்து நாளாக அப்டேட் கேட்டு வருவதுதான். இடப்பக்கம் தொட்டுத் தள்ளிக்கொண்டே இருந்தேன். அன்று ஈர விரல் வலப்பக்கம் பட்டுவிட்டது. போன் கறுத்து அணைந்தது. மேடம் குரலும் போய்விட்டது.

தாள் கையில் இருந்தது. அந்த நாற்காலிகளைத் துடைத்திருக்கிறேனே தவிர ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அன்று தீபா மேடம் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் அடித்து முடித்து, எல்லோரும் ஓங்கித் தட்டுகிற பெரிய பட்டனைத் தட்டினேன். திரை திறந்தது. லிப்டும் திறந்தது.

மஞ்சு சார். "முட்டபேடி அந்த எஷ்டு சல ஹேளிதீனி?" தொடாதே என்று எத்தனை தடவை சொல்வது என்று கன்னடத்தில் கேட்கிறார். அப்போது திரையில் அம்பு தானாக நகர்ந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. மேலே தமிழ், கீழே இங்கிலீஷ்.

சார் இங்கிலீஷைப் படித்துவிட்டுத் திரும்பினார்.

"நில்லுங்க சார். நான் இன்னும் படிச்சு முடிக்கல."

நின்றார். நான் வாய்விட்டு, எழுத்துக்கூட்டிப் படித்தேன்: "ராணிம்மா, வந்துடுச்சு. நான்தான் தொடச் சொன்னேன். இதை சார்கிட்ட காட்டுங்க."

"காபி குடிதீரா?" காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார் மஞ்சு சார்.

தாளைக் கிழித்துத் தண்ணீரில் விட்டேன். அந்த மாதிரி நம்பர் நம் கையில் இருக்கக் கூடாது. போன் உயிர் வர அரைமணி நேரம் ஆனது. வந்தும், பினாயிலில் தேய்ந்த என் கட்டைவிரலை யாரென்று கேட்டது.

அப்டேட் கேட்டால் டீ குடிக்கும்போது போட்டுவிடுங்கள். தள்ளிப்போட்டால் நம் அவசர நேரம் பார்த்து வந்து நிற்கும்.

பவித்ரா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினவரைக்கும் பாட்டிக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டு. சாரை நிக்கச் சொன்னேனே, அதை விட்டுட்டியா பார்.