‘பயன்படுத்துபவர் தவறு’ என்று எழுதினேன்

போன வருடம் ஆடி மாதம் நடந்தது. சங்கராபுரத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னையிலுள்ள ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். கல்வராயன் மலைக் கிராமங்களில் குழந்தைகளின் எடையைப் பதிவு செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மொபைல் ஆப் செய்து கொடுத்திருந்தோம். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எடையைப் போனிலேயே சேமித்து, கீழே வந்ததும் அனுப்ப வேண்டும்.

அந்த ஆப்பில் புகைப்பட வசதியைச் சேர்த்தபோது சிக்கல் வந்தது. எடையைச் சேமிக்கும் பகுதி, லைப்ரரி எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றின் பழைய வெர்ஷனைக் கேட்டது. புகைப்படப் பகுதி அதே லைப்ரரியின் புது வெர்ஷனைக் கேட்டது. எல்லாவற்றையும் சேர்த்து ஆப்பாகக் கட்டித் தரும் பில்ட் டூல், இதில் எதை எடுப்பது என்று கேட்டுச் சிவப்பு எழுத்தோடு நின்றுவிட்டது. நியாயமான கேள்வி. எது எதோடு ஒத்துப்போகும் என்று பார்க்க ஒரு நாளாவது ஆகும். டீம் லீடர் அவசரப்படுத்தினார். யார் எதைக் கேட்டாலும் புதியதையே கொடு என்று அந்த டூலுக்கான கட்டளைகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி எழுதினேன். சிவப்பு எழுத்து போய்விட்டது. என்னுடைய புது போனில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே ஓடியது. அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, களப்பணியாளர் ஒருவரின் பதிவு ஒன்றுகூட வரவில்லை என்று புகார் வந்தது. மற்றவர்களுடையது ஒழுங்காக வந்திருந்ததால் நான் யோசிக்கவே இல்லை. ‘பயன்படுத்துபவர் தவறு’ என்று பதில் எழுதி முடித்துவிட்டேன். அதை வைத்தே அவருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். மலைக்கே போகாமல் போனதாகச் சொல்கிறார் என்று குற்றச்சாட்டு. பதில் சரியாக இல்லாவிட்டால் வேலை போய்விடும்.

விசாரணைக்கு என்னையும் தொண்டு நிறுவனத்தின் கள்ளக்குறிச்சி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் களப்பணியாளர், நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா, மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதிரிலேயே மேற்பார்வையாளர், “இவங்களுக்கு போன் நோண்டத் தெரியல சார்” என்றார்.

அந்த அக்கா என்னைப் பார்த்துப் பேசினார். “வெள்ளிமலைல பஸ்ஸ வுட்டு எறங்கி, தராசத் தூக்கிக்கினு வூடு வூடா போனேன் சார். நோட்டுலயும் எழுதிக்கிறேன்னு அன்னைக்கே கேட்டேன். நோட்டெல்லாம் வேணாம்னு சொன்னது நீங்கதான?”

ஆமாம். பயிற்சி வகுப்பில் அதைப் பெருமையாகச் சொன்னவன் நான்தான்.

அவருடைய போனை வாங்கினேன். பழைய மாடல். ஓர் எடையைப் போட்டேன். ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்தது. ஆப்பை மூடித் திறந்தேன். எடையைக் காணோம். மறுபடி போட்டேன், மறுபடியும் காணோம். நான் எழுதிய அந்த ஒரு வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது திணித்த புது வெர்ஷன் இந்தப் பழைய போனில் எதையும் சேமிக்கவே இல்லை.

வெளியே வந்து லீடருக்கு போன் செய்தேன். “அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடலாம். நம்ம தப்புன்னு மட்டும் எழுதிக் குடுத்துடாத” என்றார். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பு போனாலும் போகலாம், கம்பெனியின் பெயர் மட்டும் கெட்டுவிடக் கூடாதாம். ஆனால் அவரை மட்டும் திட்டி என்ன செய்ய? என்ன ஏது என்று பார்க்காமல் பழியை எழுதியது நான்தானே.

உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, தவறு எங்களுடையது, அவருடையது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் மெமோவை ரத்து செய்தார். “சரி, திரும்பப் போய் எடுத்துடுங்க” என்று மட்டும் அந்த அக்காவிடம் சொன்னார். ஒரு வருத்தம் கிடையாது, ஒன்றும் கிடையாது.

“அந்த எடையெல்லாம் திரும்ப வருமா சார்?” என்று அவர் என்னைக் கேட்டார்.

வராது என்றேன்.

“ஒரு கொழந்த போன மாசத்தவுட கம்மியா இருந்துச்சு. எவ்ளோ கம்மின்னு இப்ப இன்னான்னு சொல்லுவேன்?”

அவர் மறுநாளே மலையேறினார். நான் வெர்ஷன் சிக்கலை முறையாகச் சரிசெய்தேன். சரியாக ஒரு நாள்தான் ஆனது.

விசாரணை நடந்த அன்றே அவரிடம் மன்னிப்பும் கேட்டிருந்தேன். ‘பரவாயில்லை’ என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் இதை எப்போதோ மறந்து போயிருப்பேன்.