கல்லூரி ஜன்னலில் பதினோரு ஜூன் மாதங்கள்

கல்லூரி ஆபீசில் அட்மிஷன் பார்க்கிறவளுக்கு வருஷத்தில் ஒரே மாதம்தான் உண்டு, அது ஜூன். மற்ற பதினோரு மாதமும் ஜூனில் செய்ததை நினைத்துக்கொண்டிருப்பதற்கு. அறுபதுகளின் கடைசியில் மயிலாப்பூர்ப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து பதினோரு வருஷம் இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும்தான் என் படிப்பு. கல்லூரிப் படி ஏறினதே வேலைக்குத்தான். உங்களில் பலர் அந்த ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றிருப்பீர்கள். சிலர் என்னைப் போல உள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டு பேருக்கும் இது புரியும்.

பச்சை மசி

நான் சேர்ந்த முதல் ஜூனில் கஸ்தூரி என்று ஒரு பெண் வந்தாள். லஸ் முனையில் ரிக்‌ஷா ஓட்டுகிறவரின் மகள். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கணக்கில் எண்பதுக்கு மேல் வாங்கியிருந்தாள். மார்க் லிஸ்டின் நகலில் கெஜட்டட் ஆபீசர் யாராவது பச்சை மசியில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அவளுடையதில் தலைமையாசிரியை நீல மசியில் போட்டிருந்தார். செல்லாது என்று திருப்பிக் கொடுத்தேன். அன்று காலை மாடவீதியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் நகலில் கெஜட்டட் கையெழுத்து இரண்டு இருந்தது. ஒன்று பெரியப்பா போட்டது, மற்றது எதிர்வீட்டு மாமா போட்டது. ஒன்று போதுமே என்று சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன்.

கஸ்தூரியின் அப்பா ஐந்து நாள் அலைந்திருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டாராம், தபாலாபீசில் கேட்டாராம். கடைசியில் ரிக்‌ஷாவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் பச்சைப் பேனா இருக்கிறதா என்று கேட்டு, மந்தைவெளியில் இறங்கிய ஒரு அதிகாரியிடம் வாங்கிவிட்டார். அதற்குள் கெடு முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. விண்ணப்பம் காத்திருப்போர் கட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து அது வெளியே வரவே இல்லை. எங்கள் வீட்டுப் பக்கத்துப் போர்ஷனிலேயே ஒரு கெஜட்டட் ஆபீசர் இருந்தார், தினமும் எங்கள் வீட்டில் பேப்பர் வாங்கிப் படிப்பவர். அந்தக் காகிதத்தை நானே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. இடம் இல்லை என்று நான் சொன்னபோது கஸ்தூரியின் அப்பா கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “எங்க ஜனத்துல பச்சப் பேனா வெச்சிக்கினு கீறவன் ஒருத்தனும் இல்லம்மா. உங்க ஜனத்துல யார்னா இருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

தகப்பனார் தொழில்

அந்த உறுத்தலில், அடுத்த வருஷம் எல்லோருக்கும் உதவி செய்வது என்று கிளம்பினேன். மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த மல்லிகா என்ற பெண் ‘தகப்பனார் தொழில்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். கேட்டேன். தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறார் என்று மெதுவாகச் சொன்னாள். “பிசினஸ்னு போட்டுடும்மா, நன்னா இருக்கும்” என்று நானே பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

இன்டர்வியூவில் பிரின்சிபால் என்ன பிசினஸ் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். மல்லிகாவுக்குக் கேள்வி புரிந்தது, ஆனால் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பக் கேட்டதும் அழுதுவிட்டாள். அப்புறம் உண்மையைச் சொன்னாள். மறைத்து எழுதினவள் என்று குறிப்பு எழுதப்பட்டது. நல்ல வேளையாக மார்க் அதிகம் இருந்ததால் இடம் கிடைத்தது. ஆனால் ஏழைப் பெண்களுக்கான சலுகைப் பட்டியலில், படிவத்தில் பிசினஸ் என்றுதானே இருக்கிறது என்று சொல்லி, பெயரை அடித்துவிட்டார்கள். எழுதச் சொன்னது நான்தான் என்று பிரின்சிபாலிடம் போய்ச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. சொன்னபோது பட்டியல் கையெழுத்தாகிவிட்டது.

அவள் அப்பா ஒரு நாள் ஜன்னலுக்கு வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “நான் இஸ்திரி போட்ட பொடவையக் கட்டிக்கினுதாம்மா உங்க டீச்சருங்க ரெண்டு பேரு பாடம் நடத்துறாங்க. அத்த எழுதறதுல இன்னா கொறச்சல்னு நீங்களே முடிவு பண்ணீங்க?”

இங்கிலீஷ் கார்டு

தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் தன் மகளைப் புகுமுக வகுப்பில் சேர்த்தார். செல்வக்கனி என்று பெயர். பத்தாயிரம் பாத்திரத்துக்கு நடுவில் நின்று வியாபாரம் செய்கிறவர், எங்கள் ஜன்னலில் கைகட்டி நின்றார். அவர் வம்சத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அந்தப் பெண். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் தமிழில் படித்தவள். இங்கே கல்லூரியில் பௌதிகம், ரசாயனம் எல்லாம் ஆங்கிலம்.

ஆகஸ்டிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை என்று வருகைப் பதிவேடு சொல்லிற்று. வழக்கப்படி வீட்டுக்கு அச்சடித்த கார்டு அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டாவது அனுப்பினேன், மூன்றாவதும் அனுப்பினேன். எல்லாம் ஆங்கிலத்தில். பிப்ரவரியில், வருகை போதாததால் பரீட்சை எழுத முடியாது என்ற பட்டியல் ஒட்டினோம். அன்றைக்குத்தான் லைப்ரரி அம்மாள் வந்து, இந்தப் பெண் தினமும் என்னிடம்தானே உட்கார்ந்திருக்கிறாள் என்றார். ஆறு மாதமாகக் காலை பஸ்ஸில் வந்து, மூலை மேஜையில் அகராதியை வைத்துக்கொண்டு, புத்தகத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் மேலே பென்சிலால் தமிழ் எழுதியிருக்கிறாள். எல்லாம் புரிந்த பிறகு வகுப்புக்குப் போகலாம் என்று இருந்தாளாம். இரண்டு புத்தகம் முடித்திருந்தாள். மூன்றாவதில் பாதி.

அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து மூன்று கார்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். மூன்றிலும் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. முருகன் படத்துக்குக் கீழே வைத்திருந்தாராம். என்ன எழுதியிருக்கிறது என்று நான் தமிழில் படித்துச் சொன்னேன். கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னார்: “காலேசுலேர்ந்து இங்கிலீஷ்ல வந்திருக்கு, நல்ல சேதியாத்தான் இருக்கும்னுல்லா நெனச்சேன்.”

அத்தை பெண்

நான் ஒன்றும் ரகசியங்களைப் பூட்டி வைக்கிறவள் இல்லை. ஒரு ஜூனில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, சமஸ்கிருதப் பிரிவில் நாலு இடம் காலி, மார்க் குறைவாக இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அத்தை காதில் விழுந்தது. அவள் பெண் லலிதா மறுநாளே படிவத்தை மாற்றி எழுதினாள். இடம் கிடைத்தது. அதே வாரம் லலிதாவைவிட அதிக மார்க் வாங்கின ஏழெட்டுப் பெண்களுக்கு நான் ஜன்னலில் இடமில்லை என்று சொல்லியிருந்தேன். சமஸ்கிருதப் பிரிவைப் பற்றி அவர்கள் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லலிதா நன்றாகவே படித்தாள். எம்.ஏ. முடித்து, அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். வேலை உத்தரவைக் காட்ட வந்த அன்று, நான் பெருமையாக அவளை அணைத்துக்கொண்டபோது, அவள் சிரிக்காமல் சொன்னாள்: “நீ ஆத்துல சொன்னத ஜன்னல்லயும் சொல்லியிருந்தா, இந்த இடம் எனக்குக் கெடச்சிருக்காது இல்லையா அக்கா?”

தாயாரம்மாவின் மகள்

தாயாரம்மா எங்கள் கல்லூரி ஆயா. வகுப்புகளைப் பெருக்கி, தண்ணீர்ப் பானைகளை நிரப்புகிறவள். அவள் மகள் விஜயா எங்களிடமே படித்து பி.ஏ. தேறினாள். பட்டம் வாங்கப் போன அன்று கறுப்பு அங்கியோடு நேரே எங்கள் ஆபீசுக்கு வந்து அம்மாவைத் தேடினாள். தாயாரம்மா கையைப் புடவையில் இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் அந்த அங்கியைத் தொட்டாள்.

கொஞ்ச நாளில் எங்கள் ஆபீசில் ஒரு குமாஸ்தா இடம் காலியாயிற்று. விஜயா விண்ணப்பம் போட்டாள். வந்த விண்ணப்பங்களில் அவளுடையதுதான் சிறந்தது, டைப்பிங்கும் முடித்திருந்தாள். நிர்வாகத்திலிருந்து ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார். அம்மா பெருக்குகிற ஆபீசில் பெண் நாற்காலியில் உட்கார்ந்தால் பார்க்க எப்படி இருக்கும் என்றார். இன்றைக்கு நினைத்தால் பத்துப் பதில் வருகிறது. அன்றைக்கு நான் சொன்னது, கொஞ்சம் ஒரு மாதிரிதான் சார் இருக்கும். அவ்வளவுதான். இடம் வேறு ஒருத்திக்குப் போயிற்று. அவள் பி.ஏ. இல்லை, என்னைப் போல எஸ்.எஸ்.எல்.சி.

விஜயாவுக்கு இரண்டு வருஷம் கழித்து வேலூரில் சர்க்கார் வேலை கிடைத்தது. சௌக்கியமாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் இன்டர்வியூ கார்டு போனவர்கள் பட்டியலில் மகள் பெயர் இல்லை என்று தெரிந்த நாளன்று, தாயாரம்மா துடைப்பத்தை வெளியே வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள். அதுவரை அவள் அந்த அறையில் வேலையில்லாமல் நின்று நான் பார்த்ததில்லை. என்ன காரணம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதில் என் பங்கு அவளுக்குத் தெரியாது. என்னிடம் உதவி கேட்கத்தான் வந்திருந்தாள். “நான் பெருக்கறதுதான் அதுக்குக் குறுக்க நிக்குதுன்னா, நாளையிலேர்ந்து நான் வரலம்மா. இப்ப அதுக்கு ஒரு கார்டு போடறீங்களா?”

குறையுள்ள படிவங்களைத் திருப்பி அனுப்புவதுதான் என் உத்தியோகம். குறை படிவத்தில்தான் இருந்தது என்று, சம்பளம் வாங்கிய கடைசி மாதம் வரை நம்பவும் செய்தேன்.