நடக்கிற வேகத்துக்கு ஒரு ஃபேன்

வேகமாகப் போவதற்காகச் செய்த காரை மெதுவாக ஓட்டுவதற்கு நான் பட்ட பாட்டைச் சொன்னால் எல்லாரும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் கார் இங்கிலாந்தில் செய்தது. இரண்டே சீட்டு, மேற்கூரை கிடையாது, வயதில் எங்கள் நைனாவைவிட இரண்டு மூன்று வருஷம்தான் சின்னது. நைனா என்றால் எங்கள் அப்பா. திருப்புலிவனம் போகிற வழியில் ஒரு மாந்தோப்பில் அவர் ரொம்ப வருஷம் காவல் இருந்தார். தோப்புக்காரர் காலமான பிறகு, வெளிநாட்டிலிருந்து மகன் வந்து தோப்பை விற்றார். ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த காரை என்ன செய்வது என்று தெரியாமல், "எடைக்குப் போட்டுக்குங்க" என்று சொல்லி, பேப்பரில் கையெழுத்தும் போட்டு, நைனா கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவருக்கு அது பழைய இரும்பு. எனக்கு அப்படி இல்லை. நான் உத்திரமேரூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டிகளுக்கு வயரிங்கும் ஏசியும் பார்க்கிறவள். பொம்பளை கையில் வண்டியை விடுவதா என்று ஆரம்பத்தில் இழுத்தவர்கள் எல்லாம் இப்போது சாவியை என்னிடம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். ஒரு வருஷம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து, அந்தக் காரை ஓடவைத்தேன். ஓடும்போது நன்றாகத்தான் ஓடியது. மெதுவாகப் போனால் கொதித்தது.

அந்தச் சமயத்தில்தான் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக இரண்டு வழி. ஊருக்குள் புகுந்து தேரடித் தெரு வழியாக நேராகப் போகலாம். இல்லையென்றால் ஏரிக்கரை மண்பாதையில் சுற்றிக்கொண்டு போகலாம். எங்கள் கல்யாண ஊர்வலங்கள் ஏரிக்கரையில்தான் போகும். யாராவது தேரடித் தெருவில் போனால், தெருமுனை வந்ததும் மேளம் நின்றுவிடும். மாலை போட்டவர்கள் வண்டியிலிருந்து இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்கள். கடைசி வீடு தாண்டியதும் திரும்ப ஏறிக்கொள்வார்கள், மேளமும் திரும்பக் கேட்கும். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. இந்தக் காலத்தில் யாரும் கம்பை எடுத்துக்கொண்டு வந்து தடுப்பதும் இல்லை. தடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் நாங்களே இறங்கிக்கொண்டிருந்தோம், அதுதான் விஷயம். என் அம்மா அப்படி இறங்கி நடந்தவள். என் கல்யாணத்துக்கு ஏரிக்கரை. அன்றைக்கு ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

தங்கை என்னைப் போல இல்லை. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"என்னை அழைச்சிக்கினு போறப்ப தேரடித் தெரு வழியாத்தான் போவணும். மேளம் நிக்கக் கூடாது. நான் எறங்க மாட்டேன்."

"எறங்காம எப்டிம்மா? பேஜாராயிடும்," என்றார் நைனா.

"இன்னா பேஜாரு? அக்காகிட்டதான் கார் கீதே. அக்கா ஓட்டட்டும், நான் பக்கத்துல குந்திக்கினு வரேன். ரெண்டு சீட்டு போதும்."

நைனா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். நான் "ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது, அந்தத் தெருவை மேளத்துக்குப் பின்னால் கடக்க எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். ஆட்டம் போடுகிறவர்கள் இரண்டடி முன்னால் வைத்தால் ஓரடி பின்னால் வைப்பார்கள். நடுத்தெருவில் கார் கொதித்து நின்றால் தங்கை இறங்கித்தான் ஆக வேண்டும். ஊர்க்காரர்கள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. என் காரே அவளை இறக்கி நடக்கவிட்டுவிடும்.

கார் ஏன் கொதித்தது என்பது எளிதான கணக்கு. அதன் பழைய ஃபேன் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றுவது. இன்ஜின் வேகமாக ஓடினால் ஃபேனும் வேகமாக ஓடும், எதிர்க்காற்றும் வரும், ரேடியேட்டர் ஜம்மென்று இருக்கும். ஊர்ந்து போகும்போது ஃபேனும் தூங்கி வழியும், எதிர்க்காற்றும் இருக்காது. ஆகவே கரண்டில் ஓடுகிற தனி ஃபேன் வேண்டும். எந்த ஃபேன் என்பதுதான் கேள்வி.

எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளி, சென்னையில் பழைய கார்கள் சேர்க்கிற ஒருவரிடம் கேட்கச் சொல்லி நம்பர் கொடுத்தார். அவர் ஃபோனில் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"எலெக்ட்ரிக் ஃபேன் எல்லாம் மாட்டிடாதீங்கம்மா. ஒரிஜினாலிட்டி போயிடும். அந்தக் கார் எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணும்."

"சார், எல்லாம் வந்தபடியே இருக்கணும்னா நாங்க ஏரிக்கரைலயேதான் போய்க்கினு இருக்கணும்," என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. புரியவைக்க எனக்கும் நேரம் இல்லை. வைத்துவிட்டேன்.

அளவு எடுத்தேன். ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜினுக்கும் அதற்கும் நடுவில், என் இரண்டு விரல்தான் நுழைந்தது. அங்கே எந்த மோட்டாரும் உட்காராது. அப்படியென்றால் ஃபேன் முன்பக்கம், கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில்தான் வர வேண்டும், காற்றை இழுக்காமல் உள்ளே தள்ளுகிற மாதிரி. முதலாளி பதினாலு இஞ்ச் ஃபேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "பெருசா போட்டுடு, கவலையே வாணாம்" என்றார். அது குடிக்கிற கரண்டுக்கு அந்தக் கார் தாங்காது. அதில் இருப்பது பழைய காலத்து டைனமோ. ஊர்ந்து போகும்போது அது பேட்டரிக்கு ஒன்றும் கொடுக்காது. பெரிய ஃபேனைப் போட்டால் தெருவின் பாதியிலேயே பேட்டரி படுத்துவிடும். அதற்குப் பிறகு கொதித்தால் என்ன, கொதிக்காவிட்டால் என்ன.

காஞ்சிபுரத்தில் பழைய பார்ட்ஸ் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். கடைக்காரர்கள் அழகான ஃபேன்களைக் காட்டினார்கள். நான் ஒவ்வொன்றையும் பேட்டரியில் கொடுத்து, மீட்டரை மாட்டி, எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து வேண்டாம் என்றேன். கடைசியில் ஒரு சின்ன வேனின் ஏசி ஃபேன் கிடைத்தது. பன்னிரண்டு இஞ்ச், கரண்டு குறைவு, காற்று போதும். ஓடினால் அரைவை மில் மாதிரி சத்தம் போட்டது. "சத்தம் ஜாஸ்தியா கீதேம்மா" என்றார் கடைக்காரர். மேளத்துக்கு முன்னால் அது யார் காதில் விழப்போகிறது? எடுத்துக்கொண்டேன். சீட்டுக்குப் பின்னால் பெரிய பேட்டரி வைத்து, ஃபேனுக்குச் சாவியைச் சாராத தனி லைன் இழுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கை சுவிட்ச் போட்டேன். சூடானால் தானாக ஓடுகிற சென்சார் போடலாமே என்றார் முதலாளி. எப்போது ஓட வேண்டும் என்பதை நான் சொல்கிறேன் என்றேன்.

முதல் தடவை போட்டபோது ஃபேன் தலைகீழாகச் சுற்றி, கிரில்லுக்கு முன்னால் பிடித்த பேப்பர் உள்ளே ஒட்டாமல் வெளியே பறந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் பாடிக்கு நெகட்டிவ் போகாது, பாசிட்டிவ் போகும். தெரிந்தும் பழக்க தோஷத்தில் கருப்பு வயரைப் பாடியில் முடுக்கியிருந்தேன். தலையில் அடித்துக்கொண்டு மாற்றினேன். பேப்பர் கிரில்லில் போய் ஒட்டியது.

கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு நெல் களத்தில் ஒத்திகை பார்த்தோம். நைனா எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் காரில் ஊர்ந்தேன். உச்சி வெயிலில் ஒரு மணி நேரம். சூட்டைக் காட்டுகிற முள் பாதியைத் தாண்டவில்லை. அதுவரைக்கும் பயந்துகொண்டிருந்த நைனா, கடைசிச் சுற்றில் தோளை ஆட்டி இரண்டு ஸ்டெப் போட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். நான் உள்ளே புடவைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்த நேரத்தில் சின்னம்மா காரை ஜோடித்துவிட்டாள். சும்மா இல்லை. மஞ்சள் சாமந்தியை நெருக்கிக் கட்டி, போர்வை மாதிரி, கிரில் தெரியாமல் மூடியிருந்தாள். "மொகம் மூளியா இருந்துச்சு, அதான்" என்றாள். நானும் பார்த்து, "சூப்பர்" என்று சொன்னேன். வருஷக்கணக்காக ரேடியேட்டர் பார்க்கிறவள், காற்று வரும் வழி அதுதான் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பட்டுப் புடவை கட்டினால் புத்தியை மடித்து பீரோவில் வைத்துவிடுவேன் போலிருக்கிறது.

தேரடித் தெருமுனை வந்தது. பேண்டு செட்டுக்காரர் பழக்கத்தில் கையைத் தூக்கினார், மேளம் தடுமாறியது. அவர் திரும்பி, "நிறுத்தட்டா?" என்று கண்ணாலேயே கேட்டார்.

"அடிங்கண்ணே," என்று கத்தினாள் தங்கை.

அடித்தார்கள். உள்ளே போனோம். இரண்டு பக்கமும் வாசலில் ஆட்கள். சிலர் பார்த்தார்கள், சிலர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். தங்கை நேராக உட்கார்ந்திருந்தாள். நான் முள்ளைப் பார்த்தேன். அது பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஃபேன் கத்துகிறது, ஆனால் முள் ஏறுகிறது. சரியாகத் தெருவின் நடுவில், சிவப்புக்கு ஒரு நூல் கீழே, எனக்கு உறைத்தது. சாமந்தி.

இன்ஜினை நிறுத்தினேன். ஃபேனை ஓடவிட்டேன். இறங்கிப் போய் அந்தப் பூப்போர்வையை இரண்டு கையாலும் பிய்த்தேன். சின்னம்மா "ஐயோ, பூவு" என்றாள். நைனாவின் முகம் வெளுத்துவிட்டது. மேளம் தானாக ஓய்ந்தது.

மாடிவீட்டு வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். அவர் டிராக்டருக்கு வயரிங் பார்ப்பது நான்தான்.

"இன்னாமா, வண்டி படுத்துக்கிச்சா? பொண்ண எறக்கி நடக்கச் சொல்லு. வண்டிய பசங்க தள்ளிக்கினு வரட்டும். தெருவ அடச்சிக்கினு எவ்ளோ நேரம் நிப்பே?"

நைனா கதவுப் பக்கம் போனார், கைப்பிடியைத் தொட்டார். அவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நைனாவின் கையை அப்படி எடுத்தேன்.

"வண்டி நல்லாத்தான் கீது சார். சூடு ஆறணும். ஆறுற வரைக்கும் இங்கதான் நிப்போம். அவ எறங்க மாட்டா," என்றேன். பேண்டுக்காரரைப் பார்த்து, "எதுக்குண்ணே நிறுத்துனீங்க?" என்றேன்.

மேளம் எழுந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். இன்ஜினை நிறுத்தினால் முள் முதலில் இன்னும் கொஞ்சம் ஏறும், அது எனக்குத் தெரியும். ஏறியது. சிவப்பைத் தொட்டது. அங்கேயே நின்றது. பிறகு கண்ணுக்குத் தெரியாத அளவில் இறங்க ஆரம்பித்தது. கார் நிற்க, இன்ஜின் நிற்க, அந்தப் பன்னிரண்டு இஞ்ச் ஃபேன் மட்டும் மேளத்துக்குப் போட்டியாகக் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் காரைச் சுற்றி ஆடத் தொடங்கினார்கள். மாடிவீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், சேரில் உட்கார்ந்தார், பிறகு சேரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அம்மா காரின் பக்கத்தில் வந்து, கதவின் மேல் கை வைத்து நின்றாள், தலையைக் குனியாமல்.

முள் பாதிக்குக் கீழே வந்தது. போதும். சாவியைத் திருகக் கையைக் கொண்டுபோனேன். தங்கை மருதாணிக் கையால் என் கையைப் பிடித்தாள்.

"ஆறிடுச்சாக்கா?"

"ஆறிடுச்சு. போலாம்."

அவள் தெருவை ஒருமுறை பார்த்தாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும்.

"இருக்கா. இன்னும் ரெண்டு பாட்டு வாசிக்கட்டும்."

நான் சாவியிலிருந்து கையை எடுத்தேன்.