இரண்டு மாமன்களும் ஒரு சுத்துப் படமும்

அரூரில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் எல்லாம் எடுப்பேன் என்றாலும், ஆட்கள் தேடி வருவது சுத்துப் படத்துக்குத்தான். ஸ்டாண்டின் மேல் கேமராவை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒரு முழுச் சுற்றுக்குப் பன்னிரண்டு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றோடு ஒன்றை ஒட்டவைத்தால் நாலு திசையும் ஒரே படத்தில் வந்துவிடும். கேமரா திரும்பத் திரும்ப அதன் முதுகுப் பக்கமாகவே நானும் செக்குமாடு மாதிரி சுற்றி வர வேண்டும். இல்லாவிட்டால் என் தொப்பையும் படத்தில் விழும்.

இதில் ஒரு தொல்லை. மற்ற படங்களுக்கு முன்னால், பின்னால் என்று உண்டு. சுத்துப் படத்துக்குப் பின்னால் என்பதே கிடையாது. இதை நம் ஜனங்களுக்குப் புரியவைக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. ஓர் எருதாட்டத்தில் ஊரே மாட்டைப் பார்த்து நிற்க, கேமரா அந்தப் பக்கம்தானே பார்க்கிறது என்ற தைரியத்தில் ஒரு பெரிய மனுஷர் வேலியோரமாக வேட்டியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டுக் கோயில் மண்டபத்தில் மாட்டிய பிறகு அதை முதலில் கண்டுபிடித்தது அவர் வீட்டம்மா. அந்த ஊர்ப் பக்கம் போனால் நான் இன்றைக்கும் டீ குடிக்கக்கூட வண்டியை நிறுத்துவதில்லை.

என் சொந்த மகளின் காதுகுத்துக்கும் சுத்துப் படம்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னது நானல்ல, என் மனைவி. அதற்குக் காரணம் அவளுடைய இரண்டு அண்ணன்கள். பெரிய மச்சான் பொம்மிடிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். சின்ன மச்சானுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. பொதுவில் போட்ட போர்வெல் யாருடைய பக்கம் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்து, இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தக் குழியில் தண்ணீர் வந்திருந்தாலாவது சண்டைக்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும். வந்தது வெறும் புழுதி.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் இரண்டு பேர், குழந்தை ஒன்று. எந்த மடி என்று முடிவு செய்ய முடியாமல் ஒரு வயதில் தள்ளிப்போட்டோம், மூன்று வயதில் தள்ளிப்போட்டோம். ஐந்து வயதாகிவிட்டது. வகுப்பில் எல்லாப் பெண்களும் கம்மல் போட்டிருக்க, இவள் மட்டும் வெறுங்காதோடு போய் வந்தாள். கடைசியில் பங்காளிகள் கூடி, மூத்தவர் மடிதான் முறை என்று சொல்லிவிட்டார்கள். சின்னவர், "வர்றன்" என்று ஒற்றை வார்த்தையில் போனை வைத்துவிட்டார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் கோவிச்சிக்கிட்டுப் போனாலும் எனக்குப் பொறந்த வூடு பாதி அடைச்ச மாதிரிங்க" என்றாள் மனைவி. அப்பா அம்மா இல்லாத பெண். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை. "ஒருத்தர எடுத்துட்டு இன்னொருத்தர எடுத்தீங்கன்னா, மொதல்ல யார எடுத்தன்னு கேப்பாங்க. சுத்தி எடுத்துடுங்க. சுத்துப் படத்துல மொத ஆளு கடைசி ஆளு இல்லீல்ல?" என்றாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேமராவை எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டுமே.

குலதெய்வக் கோயில் மைதானத்துக்கு இரண்டு மச்சான்களும் குடும்பத்தோடு வந்தார்கள். கிழக்கே ஒரு புளியமரம், மேற்கே ஒரு புளியமரம். பெரியவர் கிழக்கே ஜமுக்காளம் விரித்தார். சின்னவர் மேற்கே விரித்தார். வந்த சனமும் யார் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு பாதிப் பாதியாகப் பிரிந்துகொண்டது. நான் நட்ட நடுவில் ஸ்டாண்டை நட்டுவிட்டு, வெட்டுவதற்காகக் கட்டியிருந்த கிடாவிலிருந்து ஆரம்பிப்பது என்று முடிவு செய்தேன். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான்.

மகளுக்கு முடி இறக்கி, மொட்டையில் சந்தனம் பூசி, பெரியவர் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். முதல் படம் கிடா. இரண்டாவது, மூன்றாவது பெரியவரின் சொந்தங்கள். நான்காவதில் பெரியவர், மடியில் மொட்டை, பக்கத்தில் சீர்த்தட்டு. பெரியவர் முகம், போர்வெல் போட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே உர்ரென்று இருந்தது. கிளிக் செய்தேன். நல்ல படம் என்று நினைத்துக் கேமராவைத் திருப்பினேன்.

வலது காதில் ஊசி இறங்கியது. என் மகள் போட்ட சத்தத்தில் கிடா கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் அவள் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, மைதானத்தை நேராகக் கடந்து ஓடி, மேற்கே இருந்த சின்னவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குத்தியவர்களிடமிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். அவள் கணக்கு அவ்வளவுதான்.

"ஒத்தக் காதோட வுடக் கூடாதுங்க" என்று ஆசாரி ஊசியோடு பின்னாலேயே ஓடினார்.

"மடி மாறக் கூடாதுப்பா! தூக்கிட்டு வாங்க இங்க!" என்று கிழக்கேயிருந்து ஒரு பெரிசு கத்தியது.

தூக்கத்தான் பார்த்தார்கள். அவள் மாமன் சட்டையைப் பிடித்த பிடியில் இரண்டு பொத்தான் தெறித்ததுதான் மிச்சம். என் மனைவி மைதானத்தின் நடுவில் நின்றாள். கிழக்கேயும் பார்க்கவில்லை, மேற்கேயும் பார்க்கவில்லை. கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் என்றால், படம் எடுத்தேன். ஐந்து, ஆறு, ஏழு. பாதியில் நிறுத்தினால் வெயில் மாறிவிடும், படம் ஒட்டாது என்று பிறகு சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். கேமராவுக்குப் பின்னால் இருந்தால் யாரும் என்னை நியாயம் கேட்க மாட்டார்கள்.

பெரியவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். போச்சு, கிளம்பிவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவருடைய மனைவி ஜமுக்காளத்தைச் சுருட்டவே ஆரம்பித்துவிட்டார். ஆனால் அவர் வண்டி நின்ற பக்கம் போகாமல் மேற்கே நடந்தார்.

அங்கே ஆசாரி திணறிக்கொண்டிருந்தார். "தலைய ஆட்டாம புடிங்கன்னா! சந்தனம், வழுக்குது!" சின்னவருக்கு இரண்டே கை. கையைப் பிடித்தால் தலை ஆடியது, தலையைப் பிடித்தால் கால் உதைத்தது. பெரியவர் தோளிலிருந்த துண்டால் மொட்டையை ஒரு துடை துடைத்தார். எதிரே குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பூசணிக்காய் பிடிப்பதுபோலப் பிடித்தார்.

"கால இறுக்கிப் புடிறா" என்றார்.

"புடிச்சிட்டண்ணா."

ஆறு வருஷத்தில் அண்ணன் தம்பி பேசிக்கொண்டது இவ்வளவுதான். அப்போது கேமரா பத்தாவது படத்துக்கு வந்திருந்தது. கிளிக் செய்தேன். இடது காதிலும் ஊசி இறங்கியது.

அதன் பிறகு அவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. கறிச்சோற்றுக்கு அவர் முதல் பந்தி, இவர் இரண்டாம் பந்தி. சாயங்காலம் அவரவர் வண்டியில் அவரவர் கிளம்பிப் போனார்கள். இது எதில் போய் முடியும் என்று தெரியாமல் என் மனைவி மறுபடியும் தூக்கத்தைத் தொலைத்தாள்.

மறுநாள் படத்தை ஒட்டிப் பார்த்தேன். ஒரே படத்தில் கிழக்கே பெரியவர் மகளை மடியில் வைத்திருந்தார். மேற்கேயும் அவரே மகளின் தலையைப் பிடித்திருந்தார். சுற்றி முடிப்பதற்குள் ஆட்கள் இடம் மாறினால் இப்படித்தான் இரண்டு தரம் விழுவார்கள். ஒன்றை அழித்துவிடுவது வழக்கம். எதை அழிப்பது? கிழக்கே அழித்தால் மாமன் மடி என்ற மரியாதை போயிற்று. மேற்கே அழித்தால் அண்ணனும் தம்பியும் சேர்ந்திருந்த அந்த ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டையும் விட்டுவைத்தால், பார்க்கிறவர்கள் உனக்கு இரட்டைக் குழந்தையா என்று கேட்பார்கள். மனைவி எதுவும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

நாலு நாள் கழித்து அரூருக்கு ஏதோ வேலையாக வந்த பெரியவர் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார். மனைவியும் அங்கேதான் இருந்தாள். வேறு வழியில்லாமல் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிழக்கிலிருந்து மேற்கு வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு திரையில் விரலை வைத்தார்.

"இந்தாள எடுத்துடுங்க மாப்ள."

தம்பியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். விரல் கிழக்கே, ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த அவர் மேலேயே இருந்தது.

"மடியில பாப்பா இருக்கறா மச்சான். மாமன் மடி…" என்று இழுத்தேன்.

"பாப்பாதான் அந்தப் பக்கம் போயிட்டாளே. அவ இருக்கற எடத்துல நானும் இருக்கறன், போதும்."

என் மனைவி, ஸ்டுடியோவில் அருவி வரைந்து தொங்கவிட்டிருக்கும் திரைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. நான் மவுஸைப் பிடித்து, கிழக்கே இருந்தவரைத் தலையிலிருந்து ஆரம்பித்து அழித்தேன். ஆறு வருஷமாக உர்ரென்று உட்கார்ந்திருந்த மனுஷரை அழிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.