பாக்கிவான்

முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குள் போய் "ராபின் எங்கே?" என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. "பாக்கிவான் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பேர் கையை நீட்டுவார்கள்.

இந்தப் பெயர் ஞானஸ்நானத்தில் வந்ததல்ல, பெயிண்டர் மாரப்பன் புண்ணியத்தில் வந்தது. புதிதாக எடுத்த குட்டியானை லோடு வண்டியின் நெற்றியில் 'பாக்கியவான்' என்று எழுதச் சொல்லியிருந்தான் ராபின். பாதி எழுதும்போது மாரப்பனுக்கு டீ வந்தது. குடித்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதியவர் நடுவில் ஒரு 'ய'வை விழுங்கிவிட்டார். மஞ்சள் எழுத்து, சிவப்பு பார்டர், இந்தப் பக்கம் ஒரு புறா, அந்தப் பக்கம் ஒரு புறா, நடுவிலே கொட்டை எழுத்தில் 'பாக்கிவான்'. எவனோ கடன்காரனுடைய வண்டி மாதிரி இருந்தது.

"அட பாவி மனுசா, ஒரு எழுத்தக் காணலையே!" என்று தலையில் கை வைத்தான் ராபின்.

மாரப்பன் வண்டியைச் சாய்ந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "இனி 'ய' போட எடமில்லீங்க ராபினு. புறாவ அழிச்சாத்தான் உண்டு. பரிசுத்த ஆவிய அழிக்கச் சொல்றீங்களா?"

அதற்கு எந்த விசுவாசி பதில் சொல்வான்? புறா தப்பித்தது. பெயர் நிலைத்தது.

ராபின் சாத்தான்குளத்துக்காரன். திருப்பூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வந்துகொண்டிருந்த சித்ரகலா என்ற உள்ளூர்ப் பெண்ணைக் காதலித்துக் கட்டினான். அவள் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மட்டும் கிறிஸ்தவள். இவனோ செல்போன் கடைக்கு மேலே தகரம் வேய்ந்த சபையில் முன்வரிசைக்காரன். சென்ற வருடம் பாஸ்டர் அங்கே இயேசு மலைமேல் சொன்ன பாக்கியங்களை எடுத்து வாரம் ஒன்றாகப் பிரசங்கம் பண்ணினார். ராபின் ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வந்து சித்ரகலாவிடம் ஒப்பிப்பான்.

"சாந்தமா இருக்கவங்களுக்குப் பூமி கிடைக்கும்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு."

கொங்கு நாட்டில் பூமி என்றால் வானத்துக்குக் கீழே இருக்கிற உருண்டை அல்ல, வேலி போட்ட நிலம். சித்ரகலா கரண்டியோடு திரும்பினாள். "எந்தப் பக்கமுங்க? பல்லடம் ரோட்டு மேலயா, உள்ள தள்ளியா? பத்திரம் ஆரு பேருல போடுவாங்களாமா?"

இவளை வைத்துக்கொண்டு பரலோகம் போவது சிரமம்தான். ஆனாலும் ராபின் விடவில்லை, அத்தனை பாக்கியத்தையும் வாழ்ந்தே காட்டிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டான். எளிமை ஏற்கெனவே வீட்டில் நிறைய இருந்தது. துயரத்தைப் பற்றி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேம்பாலத்தில் லோடோடு நிற்கிறவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சாந்தகுணம் கொஞ்சம் இடித்தது, ஏனென்றால் வாயைத் திறந்தாலே 'ஏல' என்று ஆரம்பிக்கிற வாய் அது. இருதயத்தில் சுத்தம் என்று ஒன்று வந்தபோது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தான். சமாதானம் பண்ணுகிறவர்கள் தேவனுடைய பிள்ளைகள் என்று பாஸ்டர் சொன்ன அன்றுதான் நிமிர்ந்து உட்கார்ந்தான். சமாதானம் இல்லாத இடம் ஒன்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தானே தினமும் பதினாலு கிலோமீட்டர் வீணாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஆறுச்சாமி, மருதாசலம் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். கூடப் பிறந்தவர்கள். அண்ணனுக்கு நிட்டிங், தம்பிக்கு காம்பாக்டிங். அதாவது, அண்ணன் பின்னுகிற துணி சாயப்பட்டறை போய் வந்ததும் அதன் அகலத்தை நிலைப்படுத்தித் தருவது தம்பியின் மிஷின். இரண்டு கம்பெனிக்கும் நடுவே ஒரே சுவர். ஆனால் அண்ணன் துணி அந்தச் சுவரைத் தாண்டாது, ராபின் வண்டியில் ஏறி ஊரின் இன்னொரு மூலைக்குப் போய்த் திரும்பும். சுவரில் இருந்த கேட்டையும் ஹாலோபிளாக் வைத்து அடைத்தாகிவிட்டது.

சண்டை சொத்துக்காக என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஒன்பது வருடத்துக்கு முன்பு தம்பி கம்பெனித் திறப்புவிழாவுக்கு வைத்த ஃபிளக்ஸ் பேனரில் அண்ணன் படம் தபால்தலை அளவில் இருந்தது. பக்கத்திலேயே தம்பியின் மச்சான் முகம் தண்ணீர்த் தொட்டி அளவுக்கு இருந்தது. ஆறுச்சாமி வாசலிலேயே அண்ணாந்து பார்த்தார், திரும்பினார், காரில் ஏறினார். அவ்வளவுதான்.

அந்தச் சித்திரையில் ஒருநாள், வேறு பார்ட்டியின் துணியை மருதாசலத்தின் கம்பெனியில் இறக்கிக்கொண்டிருந்தான் ராபின். மருதாசலம் சுவரைப் பார்த்தபடி கேட்டார்: "அக்கட்ட இருக்கறவரு இன்னும் உசுரோடதான் இருக்காரா?"

"இருக்காருங்க அண்ணாச்சி. காலையிலகூட உங்களக் கேட்டாரு."

கேட்டது சத்தியம். "அந்த நாய் இன்னும் மிஷின் ஓட்டுதா?" என்றுதான் ஆறுச்சாமி கேட்டார். எப்படிக் கேட்டார் என்பதை மட்டும் ராபின் இறக்காமல் வண்டியிலேயே வைத்துக்கொண்டான். மருதாசலம் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனால் அன்றைக்கு அவனுக்கு மோர் வந்தது. அந்த வாசலில் அவனுக்குக் கிடைத்த முதல் மோர்.

அதிலிருந்து ஆரம்பித்தது. அண்ணனின் முழங்கால் வலிக்குத் தம்பி கொடுத்துவிட்டதாகச் சொல்லித் தைலம் போனது. தம்பி வெயிலில் நிற்கிறான் என்று அண்ணன் அனுப்பியதாக நுங்கு வந்தது. தைலத்தையும் நுங்கையும் வாங்கியது ராபின்தான். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள், இவன் பொய்க்கு நாலு சக்கரம் இருந்தது. வாரா வாரம் சபையில் முழங்காலிட்டு, "ஆண்டவரே, இது பொய் இல்ல, இனிமே நடக்கப்போற உண்மை, கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிட்டேன், அவ்வளவுதான்" என்று வாதாடுவான். பாஸ்டருக்கோ ஒரே பெருமை. "ராபின் பிரதர் சமாதானப் பணி செய்கிறார், சீக்கிரம் சாட்சி சொல்லுவார்" என்று மைக்கிலேயே அறிவித்துவிட்டார்.

ஒரு வருடம் இப்படியே போனது. அண்ணன் இரண்டாவது ஷெட் கட்டினார். திறப்புவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ராபினைக் கூப்பிட்டார்.

"பாக்கிவான், இங்க வா. அவன்கிட்ட ஒரு போட்டோ வாங்கியா. பேனர்ல போடோணும். எம்பட சைஸுக்கே போடச் சொல்லியிருக்கறேன்."

ராபினுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருடத்தில் அவன் தூக்கிப்போகிற முதல் நிஜமான செய்தி. சுவரைச் சுற்றி வண்டியைப் பறக்கவிட்டான். மருதாசலத்திடம் உள்ளது உள்ளபடி சொன்னான். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். சட்டைப்பையில் கையை விட்டுச் செல்போனை எடுத்தார், படம் தேடத்தான்.

அந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு வருடப் பழக்கம் விடவில்லை. உண்மை மொட்டையாக நிற்பதாக இவனுக்குத் தோன்றியது, எப்போதோ காதில் விழுந்த அவர்கள் தாத்தா கிணற்றுக் கதையை எடுத்து அதற்கு ஒரு பூ வைத்தான்.

"கண்ணு கலங்கிருச்சுங்க அண்ணாச்சி அவருக்கு. 'அப்புச்சி தோட்டத்துக் கெணத்துல நாந்தான் அவனுக்கு நீச்சல் பழக்கிவுட்டேன்'னு திரும்பத் திரும்பச் சொன்னாரு."

மருதாசலத்தின் விரல் செல்போனில் நின்றது.

சாத்தான்குளத்தில் அப்பாவைப் பெற்றவரும் தாத்தா, அம்மாவைப் பெற்றவரும் தாத்தா. கொங்கில் அப்பாவைப் பெற்றவர் அப்பாரு, அம்மாவைப் பெற்றவர்தான் அப்புச்சி. உள்ளூர் வார்த்தை போட்டுவிட்ட பெருமையில் நின்றவனுக்கு, தான் ஆளையே மாற்றிவிட்டது தெரியவில்லை.

"எங்க அப்புச்சிக்குத் தோட்டமே இல்லீங்க," என்றார் மருதாசலம். "தாராபுரத்துல வெத்தலக் கடை வெச்சிருந்தாருங்க. கெணறு இருந்தது காங்கயத்துல, எங்க அப்பாரு தோட்டத்துலீங்க. எங்கண்ணன் செத்தாலும் அப்பாரை அப்புச்சின்னு சொல்ல மாட்டாருங்க."

மற்ற நாளில் இவனை வாப்பா போப்பா என்கிற மனிதர். கொங்குக்காரருக்கு நிஜமாகவே கோபம் வந்தால் 'ங்க' கூடிவிடும்.

"நுங்கு?"

"நான் வாங்குனதுங்க."

"நான் குடுத்துவுட்டதா அவருக்கு என்ன சொன்னீங்க?"

தைலத்தைச் சொன்னான். தீபாவளி இனிப்பைச் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். "போட்டோ கேட்டது மட்டும் நெசம் அண்ணாச்சி, கர்த்தர் மேல ஆணை!" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"வண்டிய எடுத்துட்டு வெளிய போங்க," என்றார் மருதாசலம். செல்போன் பைக்குள் போய்விட்டது.

ராபின் சுவர் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேசாமல் இருந்துவிடலாம், அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தம்பி போட்டோ தர மறுத்துவிட்டான் என்றுதான் அவர் நினைப்பார். ஒன்பது வருடம் தொண்ணூறு வருடம் ஆகும், பழி முழுக்க மருதாசலம் தலையில் விழும். உண்மையைச் சொன்னால் அண்ணன் வீட்டு வாசலும் இவனுக்கு அடைபடும். இறங்கிப் போய்த் தன் வண்டியின் நெற்றியில் இருந்த பெயரை அண்ணாந்து பார்த்தான். தள்ளிப்போட்ட அந்த இருதயச் சுத்தம் ஒன்றுதான் இன்னும் பாக்கி. நாசமாய்ப் போக என்று வண்டியை எடுத்தான்.

ஆறுச்சாமி முழுதும் கேட்டார். திட்டவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு, "அப்ப அவன் ஒருநாக்கூட என்னையக் கேக்கவே இல்லியா?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்பதைவிட அடியே வாங்கியிருக்கலாம் என்று இருந்தது ராபினுக்கு.

"அந்தத் தைலம் நல்லாக் கேட்டுதேப்பா," என்றார் ஆறுச்சாமி. சொன்னதும்தான் கோபம் வந்தது. எழுந்தார், ராபினின் சட்டையைத் தோளில் கொத்தாகப் பிடித்தார், வாசல் கேட்டைத் தாண்டி, ரோட்டில் இழுத்துக்கொண்டு, ஒன்பது வருடம் மிதிக்காத தம்பி கம்பெனிக்குள் நேராகப் போய் நின்றார். மிஷின் ஓட்டுகிறவர்கள் மிஷினை நிறுத்திவிட்டார்கள்.

"இவன் உங்கிட்டயும் பொய் சொன்னானாடா?"

மருதாசலம் எழுந்து நின்றார். "நுங்கு குடுத்து ஏமாத்திட்டானுங்ணா."

"நான் என்னைக்குடா நுங்கு வாங்கிக் குடுத்துருக்கறேன்? உனக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரியுமுங்ணா. இருந்தாலும்..." மருதாசலம் அண்ணனின் காலைப் பார்த்தார். "கால் இப்ப எப்படிங்ணா இருக்குது?"

கேட்டது மருதாசலம். அவர் வாயாலேயே கேட்டார். ராபின் பக்கத்தில் இருந்து கேட்டான். ஆறுச்சாமி, "இப்பத் தேவலடா," என்றார். பிறகு இரண்டு பேருக்கும் அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. கைக்கு வாகாக ராபின் நின்றான், இருவரும் சேர்ந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் தொடங்குவார், தம்பி முடிப்பார். அரை மணி நேரம். கடைசியில், "இனி இந்தப் பக்கம் உன்ற வண்டி வரக்கூடாது," என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

நீதிக்காகத் திட்டு வாங்குகிறவனும் பாக்கியவான்தான் என்று அந்தப் பாக்கியங்களில் கடைசியாக ஒன்று உண்டு. பொய் சொல்லி வாங்கிய திட்டும் அதில் சேருமா என்று பாஸ்டரைத்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ராபின் மைக்கைப் பிடித்து, "ரெண்டு பேரும் சேந்துட்டாங்க. என்னையத் திட்டுறதுக்கு," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அல்லேலூயா சொல்லலாமா வேண்டாமா என்று சபைக்குக் குழப்பம்.

சித்ரகலா மட்டும் வயிறு வலிக்கச் சிரித்தாள். "அட கடவுளே, அப்பாருக்கும் அப்புச்சிக்கும் வித்தியாசம் தெரியாம இத்தன வருசம் என்னோட குடும்பம் நடத்திருக்கீங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டா ஆகாதா?"

திறப்புவிழா பேனரை ரோட்டில் போகும்போதுதான் பார்த்தான். இரண்டு முகமும் ஒரே அளவு, மச்சான் தபால்தலை. ராபினுக்கு அழைப்பு இல்லை. அடுத்த மாதம் சுவரை உடைத்துக் கேட்டைத் திறந்தார்கள். இப்போது துணி தள்ளுவண்டியிலேயே அந்தப் பக்கம் போகிறது. வண்டி எதற்கு, ராபின் எதற்கு? அவனுக்கு ரொம்ப வலித்தது. லோடு போனதைவிட, எதிரே வந்தால் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதுதான் வலித்தது. தன்னை வைத்துத்தான் அவர்கள் ஒட்டியிருக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்வான், அரை நாள் தாங்கும்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் ஸ்டாண்டில் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கூட்டியில் யாழினி வந்து நின்றாள். ஆறுச்சாமியின் மகள், கம்பெனி ஆர்டர் எல்லாம் இப்போது அவள்தான் பார்க்கிறாள்.

"ராபிண்ணா, ஞாயித்துக்கெழம ஊட்டுல விருந்துங்க. சித்தப்பா ஊட்டுலயும் எல்லாரும் வர்றாங்க. அப்பா உங்களையும் கூட்டியாரச் சொன்னாருங்க."

"என்னையவா? உங்க அப்பாவா சொன்னாரு?"

"ஆமாங்ணா. கோவமெல்லாம் போயிருச்சுங்க அப்பாவுக்கு. 'ராபினைப் பாக்காம ஊடே வெறிச்சோன்னு இருக்குது, ராபின் இல்லாட்டி நாங்க ஒண்ணு சேந்திருப்பமா'ன்னு நேத்துக்கூடச் சொன்னாருங்க."

ராபின் காற்றுக் குழாயைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணை எடுக்காமல், இமைக்காமல், பச்சைப்பிள்ளை மாதிரி நின்றாள்.

ஆறுச்சாமி அவனை ராபின் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவருக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியுமோ என்னவோ. திட்டினாலும் பாக்கிவான், டீ கொடுத்தாலும் பாக்கிவான்.

"அப்பா 'ராபின்'னே சொன்னாரா கண்ணு?"

"ஆமாங்ணா. வேற எப்படிச் சொல்லுவாரு?"

ராபினுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணியும் வந்தது. குழாயை மாட்டிவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

"சரி கண்ணு. ராபினும் தெனமும் அவரத்தான் கேட்டுட்டு இருந்தான்னு போய்ச் சொல்லு. நான் வந்துடறேன்."