கிணற்றுக்குள் இறங்கிய கேமரா

கிணத்துக்கடவில் என் அக்காவின், அதாவது உங்கள் அத்தையின், தோட்டத்துக் கிணற்றை மண்ணடித்து மூடிவிடுவது என்று மாமா முடிவு செய்த கோடை அது. கண்ணுகளா, நீங்கள் அப்போது ரொம்பச் சின்னவர்கள். மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் குழாயின் வாய்க்குக் கீழே போய்விடும்; அதற்குக் கீழே இருப்பதை இறைக்க முடியாது. ஊற்று செத்துவிட்டது என்பது மாமாவின் முடிவு. திங்கட்கிழமை டிராக்டரில் மண் வர ஏற்பாடாகியிருந்தது.

"ஊத்து சாகலீங்க" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நீ எறங்கிப் பாத்தயாக்கும் அம்மணி?" என்று மாமா கேட்பார்.

நான் ஒருமுறை மூழ்கி அடிப்பாறையைத் தடவிப் பார்த்தேன். ஒரு வெடிப்பின் பக்கம் விரலில் சில்லென்று ஏதோ பட்டது. மேலே வந்து சொன்னேன். மாமா சிரித்தார். "அக்காளுக்குத் தம்பி சாட்சி சொல்லாம வேற ஆரு சொல்லுவா மாப்ளே?"

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செய்யும் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. எங்கள் முதலாளி வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போனபோது கையடக்கமான டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கி வந்திருந்தார். ஃபிலிம் கிடையாது. எடுத்த படம் முதுகுப்பக்கம் தீப்பெட்டி அளவே இருக்கும் திரையில் உடனே வந்து நிற்கும். எட்டாவதுக்கு மேல் படிக்காத எனக்கு அதைப் பார்த்தபோது கை கூப்பத்தான் தோன்றியது. கிணற்று விஷயத்தைச் சொல்லி ஞாயிற்றுக்கிழமைக்கு அதைக் கேட்டேன்.

"நனைஞ்சுதுன்னா?" என்றார்.

"மோட்டாரையே தண்ணிக்குள்ள போட்டு ஓட்டறமுங்களே" என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

கண்ணாடி போலத் தெளிந்த தடித்த அக்ரிலிக் தகட்டில் ஒரு பெட்டி செய்தேன். மூடிக்கு ரப்பர் வளையம், சுற்றிலும் போல்ட். கேமராவின் பொத்தானை வெளியிலிருந்து அழுத்த ஒரு கம்பி. அது உள்ளே நுழையும் துளையில், தண்ணீர் கசியாமலிருக்க பம்பில் சுற்றுவது போலவே கிரீஸ் தடவிய கயிறு. பிறகு பட்டறை வழக்கப்படி பெட்டிக்குள் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் கொடுத்து, கசிவில்லை என்று பார்த்துத் துடைத்து எடுத்துப்போனேன். பம்பு செய்கிறவனின் கைக்குப் பழகிய வேலை அது. கேமரா வைக்கிற பெட்டிக்குள் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று தோன்றவே இல்லை.

ஞாயிறு உச்சிவெயில் கிணற்றுக்குள் நேராக இறங்கும் நேரத்தில் குதித்தேன். பெட்டி மூழ்க மறுத்தது. உள்ளே இருந்த காற்று அதைத் தக்கைபோல் மேலே தள்ளியது. கிணற்று மேட்டில் நின்றிருந்த மாமா, "கெணத்துக்கே புடிக்கல மாப்ளே, துப்பிப்போட்டுது!" என்றார். ஒரு பழைய இரும்புத் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினேன். படிக்கட்டில் ஏறிவந்து பெட்டியைத் திறந்தால், எல்லாப் படமும் மோர் ஊற்றினாற்போல் வெள்ளை. சோதித்தபோது வளையத்தின் இடுக்கில் தங்கிய ஈரம், வெயிலில் சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் கண்ணாடியில் பனியாகப் படிந்துவிட்டது.

அத்தைதான் வழி சொன்னார். "உப்பு நசநசக்காம இருக்க அரிசி போட்டு வெப்பமல்ல? அதையே போடு கண்ணு." அரிசியை வறுத்து, ஆறவைத்து, துணியில் முடிந்து கொடுத்தார். பெட்டியை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, முடிச்சை ஒரு மூலையில் வைத்து மூடினேன்.

இந்தமுறை கண்ணாடி தெளிவாக இருந்தது. ஆனால் படத்தில் தவிட்டைத் தூற்றியதுபோல் ஒரே புள்ளி. ஃபிளாஷ் வெளிச்சம் தண்ணீரில் மிதக்கும் தூசியை மட்டும் பிடித்திருந்தது. ஃபிளாஷை நிறுத்தினேன். கிட்டத்தில் எடுப்பதற்கென்று பூப்படம் போட்ட ஒரு குறி இருந்தது, அதை வைத்துக்கொண்டேன். பாட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. வெயிலும் சுவரேறத் தொடங்கிவிட்டது.

கடைசியாக மூழ்கியபோது அவசரப்படவில்லை. ஒரு கையால் பாறையைப் பிடித்து, கலங்கிய மண் அடங்கும்வரை மூச்சடக்கிக் கிடந்தேன். என் கண்ணுக்கு எல்லாமே பச்சை மங்கல். குளிர்ச்சி எங்கே படுகிறதோ அங்கே பெட்டியை நீட்டிக் கம்பியை அழுத்தினேன்.

மேலே வந்து, துண்டால் வெயிலை மறைத்துத் திரையைப் பார்த்தேன். கண்ணுகளா, நான் இருந்துவிட்டு வந்த இடம்தான் அது, ஆனால் நான் பார்க்காத இடம். பாறை நீலமாக இருந்தது. மேலிருந்து இறங்கிய வெளிச்சம் நூல்நூலாக அதன்மேல் விழுந்திருந்தது. வெடிப்பின் வாயில் வெண்மணல் குபுகுபுவென்று எழும்பி, எழும்பியபடியே நின்றிருந்தது. விரல்நீள மீன் ஒன்று அந்தத் தண்ணீரை எதிர்த்து வாய் திறந்திருந்தது. யாரும் பார்க்காமல், இருட்டுக்குள், மலைக்கல்லைப் பிளந்துகொண்டு இத்தனை காலமாக அது வந்துகொண்டே இருந்திருக்கிறது.  

மாமாவிடம் நீட்டினேன். துண்டுக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"இது நம்ம கெணறா?"

"நம்முளுதுதானுங்க."

"மணல் எந்திரிக்குதே மாப்ளே."

அத்தை எட்டிப் பார்த்து, "அய்யோ, மீனு!" என்றார். அவருக்கு ஊற்றைப் பற்றிச் சந்தேகமே இருந்ததில்லையே. அவர் மீனைத்தான் பார்த்தார். அதற்குள் திரை அணைந்துவிட்டது. பாட்டரி தீர்ந்திருந்தது.  மாமா செருப்பை மாட்டிக்கொண்டு டிராக்டர்காரர் வீட்டுப் பக்கம் கிளம்பினார்.

"ஏனுங்க, சாப்புட்டுப்போட்டுப் போங்க" என்றார் அத்தை.

"சொல்லிப்போட்டு வாரேன். ஊத்தோட மூஞ்சியப் பாத்ததுக்கப்பறம் எப்புடி அம்மணி மண்ணப் போடறது?"

தண்ணீர் பற்றவில்லை என்பது மாறவில்லை. தென்னைகளுக்காக அந்த வருஷமே தோட்டத்தின் மறுபக்கம் போர்வெல் போட்டார். ஆனால் கிணற்றை அப்படியே விட்டுவைத்தார். வருகிற விருந்தாளிகளையெல்லாம் மேட்டுக்குக் கூட்டிப்போய், தண்ணீருக்கு அடியில் எந்த மூலையில் மணல் எழும்புகிறது என்று விரலை நீட்டிக் காட்டுவார். அவர்களுக்குத் தண்ணீர்தான் தெரியும். அவர் காட்டிக்கொண்டே இருப்பார்.