சரத்துக்கு மட்டும் ஸ்பெஷலிஸ்ட்

நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருஷம் சரவெடி பின்னினேன். ஒவ்வொரு வெடியின் திரியையும் நூலோடு சேர்த்துப் பின்ன வேண்டும். இறுக்கினால் திரி நசுங்கி நெருப்பு நடுவில் நின்றுவிடும். தளர்ந்தால் வெடி உருவிக்கொண்டு விழும். என் சரம் பாதியில் நின்றதாகப் புகார் வந்ததில்லை.

எங்கள் போர்மேன் என்னைவிட இளையவர். வெளியூர் வியாபாரிகள் வந்தால் என் முன்னால் கூட்டிவந்து, "இவுக சரத்துல ஸ்பெஷலிஸ்ட்" என்பார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு வாணவெடிக்கென்று தனி ஷெட் கட்டி, ஆள் எடுத்துப் பழக்கினார்கள். நானும் போய்க் கேட்டேன்.

"தம்பி, என்னையும் அங்கன போடுங்க. கத்துக்கிடுதேன்."

"யக்கா, நீங்க ஸ்பெஷலிஸ்ட்டு. உங்களைய அனுப்பிட்டா இங்கன யாரு பின்னுவா?"

மறு வருஷமும் கேட்டேன், அதே பதில். எனக்குப் பின்னால் சேர்ந்த பெண்கள் ஒவ்வொருவராக அந்த ஷெட்டுக்குப் போனார்கள்.

சரவெடி செய்யக் கூடாதென்று கோர்ட்டில் தடை வந்தது. ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனால் எங்கள் ஷெட் பூட்டிக் கிடந்தது. நேராகப் போர்மேனிடம் போனேன்.

"இப்பவாவது வாணவெடிக்கு அனுப்புங்க தம்பி."

"அங்கன பழகுன ஆளுக இருக்காக. உங்களுக்குச் சரத்தைத் தவிர வேற என்னக்கா தெரியும்?"

"பழக விடாதது யாரு?"

அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "சீசன்ல ஆள் தேவைப்பட்டா சொல்லி விடுதேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் ஸ்பெஷலிஸ்ட் என்ற வார்த்தைக்கு அர்த்தம் பார்க்கச் சொன்னேன். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். "ஒரு துறையில ஆழமான அறிவும் பயிற்சியும் உள்ளவர்னு போட்டிருக்கும்மா."

"வேற வேலை தெரியாதவுகன்னு எதுவும் போட்டிருக்கா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"நல்லாப் பாரு."

அவள் மறுபடியும் பார்த்தாள். இல்லை என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. புகழ்கிறார் என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே என்று என்மேலும் எரிச்சல்.

போர்மேன் சொல்லி விடவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, ஆனைக்குட்டம் போகிற வழியில் இருந்த வேறொரு கம்பெனியில் போய் நின்றேன். என்ன வேலை தெரியும் என்று அங்கிருந்த மேனேஜர் கேட்டார். சரத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "திரி வேலை தெரியும். எது குடுத்தாலும் பழகிக்கிடுவேன்" என்றேன்.

புஸ்வாணத்துக்குத் திரி வைக்கப் போட்டார்கள். பழக்கிவிட்ட பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "யத்தே, இம்புட்டு அழுத்தாதீக" என்று இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் நாள் அவள் வேகத்துக்கு வந்துவிட்டேன்.

பழகுவதற்கு மூன்றே நாள். சாப்பாட்டு வேளையில் தூக்குச்சட்டியைத் திறந்தவள், சாப்பிடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.